காயாத உள்ளங்கை

நாங்கள் மூவரும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது, அலமாரிக்கு எந்த பெயின்ட் என்ற பேச்சில்தான். 2012, ஆடி மாதம். மணிமங்கலத்தில் கட்டிய புது வீட்டின் உள்ளறையில் சுவரோடு சேர்த்து மர அலமாரி செய்திருந்தோம். சாதாரண எனாமல் போதும், உரிந்தால் நாமே பூசிக்கொள்ளலாம் என்றேன்.

என் கணவர் வனமாமலைக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில், கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பிரிவில், வேலை. உடன் வேலை பார்த்த சக்திகுமார் எங்கள் வீட்டில் சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"மழைல நிக்கிற காருக்கே உரியாது அண்ணி. உங்க பொடவைய வெக்கறதுக்கா உரியப்போவுது?" என்றான்.

இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் கார் பெயின்ட் என்று முடிவாயிற்று.

பெயின்ட் ஷாப் ஆட்களுக்குத் தூசிதான் எதிரி. உள்ளே ஒருவர் அடிப்பார்; வெளியே ஒருவர் காவல் நிற்பார். உள்ளிருப்பவர் தட்டினால்தான் கதவைத் திறப்பார்கள். வீட்டிலும் அப்படியே செய்வோம், வெளியே நான் நிற்கிறேன் என்று சக்தி சொன்னான். கம்பெனியில் பெயின்ட் புகையை இழுக்க ராட்சத விசிறிகள் உண்டு. இங்கே இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சக்தி வருமுன்பே கைப்பிடி வாங்க ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டேன். திரும்பியபோது வாசலிலேயே அழுகிய வாழைப்பழம் போல ஒரு நெடி. உள்ளறைக் கதவின் இடுக்கில் உள்ளிருந்து ஈரத்துணி திணித்திருந்தது.

வெளித்தாழ் போட்டிருந்தது.

தாழை நீக்கினேன். கதவை ஒட்டியே அவர் கிடந்தார். நகக்கண்களில் மரத்தூள்.

அன்று தான் வரவே இல்லை என்று சக்தி கதறினான். தாழ் தானாக விழுந்திருக்கும் என்றார்கள். அவன் அழுகையை நம்பினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன், உள்ளறையில் அவர் படத்தைக் கும்பிட்டுவிட்டு அலமாரிக் கதவில் கை ஊன்றி நின்றான். பெயின்ட் அதற்குள் கல்லாக இறுகியிருந்தது. அறையில் நாங்கள் இருவர்தான்; வெளியே பந்தியில் பேச்சுச் சத்தம்.

அந்த நெடி வந்தது.

அலமாரிக்குள் யாரோ தட்டினார்கள். மெதுவாக. பிறகு வேகமாக.

"சக்தி... தொறடே."

அவர் குரல்.

சக்தி கையை இழுத்தான். வரவில்லை. மீண்டும் இழுத்தான். பிறகு நெற்றியைக் கதவில் சாய்த்து, என்னிடம் அல்ல, உள்ளே பார்த்துப் பேசினான்.

"ஓ.டி.க்கு கூப்ட்டாங்கண்ணே. சூப்பர்வைசர்ட்ட தலைய காட்டிட்டு வந்துடலாம்னுதாண்ணே போனேன். தூசி வந்துடும்னுதாண்ணே தாழ் போட்டேன்..."

தட்டல் நின்றது. கை விடுபட்டது. உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பெயின்ட். செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினான்.

அலமாரியைத் திறந்தேன். ஒன்றுமில்லை.

அவன் வேலையை விட்டுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கே என்று விசாரிக்கவில்லை.

அவன் சொன்னதில் ஒன்று பொய்யில்லை. பெயின்ட் உரியவே இல்லை. சாவியால் கீறினாலும் கோடு விழுவதில்லை. அந்த உள்ளங்கைத் தடம் மட்டும் இன்னும் காயவில்லை. தொட்டால் விரலில் ஒட்டுகிறது.