மூட்டில் ஊதா வளையம்

மழை விட்ட சாயங்காலம். சுலக்ஷனா அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, உள்ளே அவள் புருஷன் ஜீவராஜ் படுத்திருந்த மெத்தைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. எலி கொறிப்பதுபோல இல்லை. காய்ந்த ஓலையை யாரோ பொறுமையாக முறுக்குவதுபோல, சரக், சரக் என்று விட்டுவிட்டு, ஈர விறகின் புகையோடு சேர்ந்து வந்தது.

தேயிலைக்கு நடுவே நின்ற நிழல்மரத்தில் கிளை வெட்ட ஏறி விழுந்த நாளிலிருந்து ஜீவராஜுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே கிடையாது. போதாததற்குப் படுக்கைப்புண் வேறு. மெத்தென்று ஏதாவது கிடைக்காதா என்று அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

கிடைத்தது. மண்சரிவுக்குப் பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து ரோட்டோரம் கொட்டிய மண்ணில் முளைத்த புதுப்புல். மானாப்புல்லோடு மல்லுக்கட்டிப் பழகிய கைக்கு, அது தொட்டதும் வேரோடு வந்ததே என்னவோபோல் இருந்தது. ஒரே மழைக்காலத்தில் ஓடைக்கரை முழுக்கப் பரவி மற்ற பூண்டையெல்லாம் மூடிக் கொன்றிருந்தது. பிடுங்கிய இடத்தில் மண் மாவாக உதிர்ந்தது. புழு இல்லை. குருவிகூட அங்கே இறங்கவில்லை.

மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பத்திநாதன் ஒரு தண்டை ஒடித்துக் காட்டினார்.

"மூட்டுல ஊதா வளையம் இருக்கு பாரு, இதான் அடையாளம். வருஷத்துக்குள்ள செத்துரும். ஆனா வெதைய வாரி எறைச்சிட்டுத்தான் சாகும். வெதைக்கு வால் இருக்கு. ஈரம் பட்டா முறுக்கிக்கிட்டு உள்ள எறங்கும். கதிர் விட்டத இங்கயே கொளுத்திரு. வீட்டுக்குக் கொண்டுபோயிராத."

"சரிங்கய்யா" என்றாள். அந்தத் தூறலில் எதைக் கொளுத்துவது? மலையிலிருந்து வெறுங்கையோடு லயத்து வீடுகளுக்கு இறங்குகிற பெண்ணும் அந்தத் தோட்டத்தில் இல்லை. விறகோ மாட்டுப்புல்லோ, தலையில் ஒரு கட்டு இருந்தாக வேண்டும். பஞ்சுபோலிருந்த கதிர்களைக் கட்டாகக் கட்டி எடுத்து வந்து, அடுப்புக்கு மேலே காயவைத்து, உரச்சாக்கில் அடைத்து மெத்தை தைத்தாள். காய்ந்ததற்கு உயிர் ஏது என்று நினைத்தாள், பாவி மகள்.

"புள்ள, இங்க வாயேன்!"

பிசைந்த மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஜீவராஜின் கண்ணில் தண்ணீர். சிரித்துக்கொண்டிருந்தான்.

"இடுப்புல கூசுதுடி. என்னமோ ஊருது. உணர்வு வருது புள்ள!"

மாவு ஒட்டிய கையோடு அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, மாரியம்மா, தாயே என்று வாய்விட்டு அழுதாள். அவன் எழுந்து நடப்பான். மறுபடி மலைக்குப் போவான். அத்தனை சந்தோஷத்தை அந்த வீடு தாங்காதுபோல் இருந்தது.

"எந்திரிச்சிருவீங்க. நான்தான் சொன்னேன்ல, எந்திரிச்சிருவீங்க."

"மேல வருது" என்றான். சிரிப்பு குறைந்திருந்தது. "வயித்துக்கிட்ட."

சரக்.

அவள் கை மெத்தையில் பட்டது. நனைந்திருந்தது. அவள் மலையில் நிற்கும் பகல் முழுக்க, அவனையறியாமல் அவன் நனைப்பது வழக்கம்தான்.

ஈரம்.

ஈரம் பட்டா.

"புள்ள... குத்துது."

கம்பளியை விலக்கினாள். அவன் இடுப்பில் சுற்றியிருந்த சாரத்தை ஒதுக்கினாள்.

ரத்தம் இல்லை. தொடை முழுக்க வியர்க்குருபோலச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வால். எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மெதுவாக.

ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தோல்தான் கூடவே எழும்பியது. மலையில் தொட்டதும் வந்த புல் அது.

முழங்காலுக்குக் கீழே பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

பச்சை.

தோலைப் பிளந்துகொண்டு, விரல் உயரத்துக்கு, அடர்த்தியாக. தண்டுகளின் மூட்டில் ஊதா வளையம்.

"காலு அசையுதா புள்ள?" தலையைத் தூக்க முடியாமல் ஜீவராஜ் கேட்டான். "அசையுதுதானே? பாத்துச் சொல்லேன்."

கதவு சாத்தியிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. துளிக் காற்றில்லை.

பாதத்திலிருந்து தொடைவரை, அலை அலையாக, அது அசைந்தது.