நான்காம் மாடம்

காலை ஆறரைக்கு மணி அடித்தது. செவ்வாய்க் கிரகத்தின் ஒரே பல்கலைக்கழகத்தில், இயற்கையைக் கெடுக்காமல் வாழக் கற்பிக்கும் நிலைபேண் இல்லத்து மாணவர்கள் நூற்றிருபது பேரும் நேற்றைய குப்பையை ஆளுக்கொரு வாளியில் ஏந்திக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். கழித்தது, கத்தரித்தது, மென்று துப்பியது, மூக்குச் சிந்தியது எல்லாம் அதில் அடக்கம். வரிசையின் முனையில் செரிப்பான் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. பேருந்து நீளத்துக்கு இருக்கும் அந்த இயந்திரம் ஒவ்வொரு வாளியாக விழுங்கும். நீரையும் உரத்தையும் பிரித்தெடுக்கும். தன்னால் செரிக்க முடியாததை மட்டும் சின்னப் பொட்டலமாகக் கட்டி, மேலே பெயரை அச்சிட்டு, போட்டவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடும். அதற்குப் பெயர் மீதம்.

மீதத்தை எங்கேயும் போடக் கூடாது. வெளியே செவ்வாய் மண்ணில் ஓர் ஊசி விழுந்தாலும் மேலே சுற்றும் கண்காணிப்புக் கலம் கண்டுபிடித்து, போட்டவரின் பாட்டனார் பெயர்வரை சொல்லிவிடும். ஆகவே ஒவ்வொரு மாணவரின் கட்டிலுக்கடியிலும் ஒரு மீதப் பெட்டி உண்டு. உன் மீதம் உன்னோடு. மூன்றாண்டுப் படிப்பின் முடிவில் பெட்டி பன்னிரண்டு கிலோவுக்குள் இருந்தால் பட்டம். தாண்டினால் பட்டமும் இல்லை, இடமும் இல்லை, அடுத்த கப்பலில் பூமிக்குப் போகலாம். கேட்க எவ்வளவு அழகான விதி! விதி எழுதத் தெரியாத மனித இனம் எந்தக் கிரகத்திலும் இருந்ததில்லை.

மாலை ஆறு மணிக்கு இன்னொரு சடங்கு, வசைவேளை. எல்லோரும் மேற்கு ஜன்னலருகே கூடுவார்கள். அடிவானத்தில் பூமி ஒரு பொட்டாக மின்னும். அதைப் பார்த்து இருபத்தொன்றாம் நூற்றாண்டு மனிதர்களைத் திட்ட வேண்டும். பாடத்திட்டத்தில் இதற்குப் பத்து மதிப்பெண் உண்டு.

"பதினெட்டு டிகிரியில் ஏசியை ஓடவிட்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கியவர்களே!" என்று ஒருவர் எடுத்துக்கொடுப்பார்.

"சீச்சீ!" என்று நூற்றிருபது தொண்டைகளும் முழங்கும்.

"ஒரு வாய்த் தண்ணீருக்கு ஒரு பாட்டில் வாங்கி, பஸ் ஜன்னல் வழியாக எறிந்தவர்களே!"

"சீச்சீ!"

"உங்கள் வாசலைப் பெருக்கிப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளியவர்களே!"

"சீச்சீ!"

ஆமாம், உங்களையும் என்னையும்தான் சொல்கிறார்கள். கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

எல்லோரையும் போலத் தில்லைநாயகியும் மூன்றாம் ஆண்டு மாணவி. நாகப்பட்டினத்துக் கடல் மேல் கட்டிய மிதவைக் குடியிருப்பில் பிறந்தவள். ஆறு முறை தேர்வு எழுதி, ஆறாவது முறைதான் இந்த இடம் கிடைத்தது. அவளுடைய அப்பா மிதவை மிதவையாகப் போய் மகள் செவ்வாயில் படிப்பதைச் சொல்லி மூன்று வருடமாக ஊராரை அறுத்துக்கொண்டிருந்தார். பெட்டிகளை நிறுத்துப் பார்க்கும் இறுதி நிறையாய்வுக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. அவள் பெட்டியில் பதினொரு கிலோ தொள்ளாயிரத்து எண்பது கிராம் இருந்தது.

அவள் ஊதாரி இல்லை. முதல் வருடமே செருப்பு போடுவதை நிறுத்திவிட்டாள், ஏனென்றால் அடிப்பாகம் செரிப்பானுக்குச் செரிக்காது. நான்கு பல் மட்டும் மிஞ்சிய சீப்பால் தலை வாரினாள். காய்ச்சல் வந்தால் மாத்திரை அட்டை மீதமாகுமே என்று பயந்து, காய்ச்சலோடு வகுப்புக்குப் போனாள். மூச்சுக்கவசத்து வடிகட்டியை மட்டும் அவளால் தவிர்க்க முடியவில்லை. மாதம் ஒன்று. மூச்சு விட்டாக வேண்டுமே.

மற்றவர்கள் பெட்டியிலோ முந்நூறு கிராம், நானூறு கிராம். அறைத்தோழி ஜெசிந்தாவின் பெட்டியில் நூற்றெழுபது. அவள் மாதத்துக்கொரு புதுச் செருப்பு போடுகிறவள். நிலைபேண் வாழ்க்கை பற்றி அவள் ஆற்றிய உரைக்குப் போன வருடம் தங்கப்பதக்கம் கொடுத்தார்கள். பதக்கம் வந்த உறை, அதன் மேல் சுற்றிய காகிதம், அதன் மேல் கட்டிய நாடா எதுவும் அவள் பெட்டிக்குள் போனதாகத் தெரியவில்லை. தில்லை மட்டும் அறைக்குள்ளேயே 'குப்பைக்காரி' ஆகியிருந்தாள். பிள்ளைகள் அவள் கட்டிலைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூச்சுக்கவசத்தின் வார் அறுந்துவிட்டது. அறுபது கிராம். தில்லை அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். "எதுக்குடி இப்படி அழுவுற? வாரா? குடு, நான் போட்டுட்டு வர்றேன்."

"எங்க போடுவ?"

"நெசமாவே தெரியாதா உனக்கு?" ஜெசிந்தா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "மூணு வருஷமா நீ ஏதோ விரதம் இருக்கேன்னுல்ல நெனைச்சோம்! எழுந்து வா."

நிலைபேண் இல்லத்தில் நான்கு மாடங்கள். கண்ணாடிக் குவிமாடங்கள்தாம், மாடம் என்றே பெயராகிவிட்டது. முதல் மூன்றில் மாணவர்கள். நான்காவது பூட்டிக் கிடந்தது. பூமியிலிருந்து அடுத்த கப்பலில் வரும் புது மாணவர்களுக்காகக் கட்டியது அது. கதவின் மேல் பெரிய பலகை: 'வருங்கால மாணவர்களுக்கு, அன்புடன்'. பூட்டின் இரகசிய எண் விடுதிக் காப்பாளரின் பிறந்தநாள். அந்த இரகசியம் தில்லையைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கதவு திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. உள்ளே தரை தெரியவில்லை. செருப்பு, வடிகட்டி, மாத்திரை அட்டை, பல்துலக்கி, உடைந்த வாளி எல்லாம் மலையாகக் குவிந்து, கண்ணாடிக் கூரையின் பாதி உயரத்துக்கு எழுந்திருந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் செரிப்பான் அச்சடித்த பெயரை மட்டும் பொறுப்பாகச் சுரண்டியிருந்தார்கள். ஒரு பக்கம் பேராசிரியர்கள், விடுதிக் காப்பாளர் எல்லோருடைய பழைய சோபாக்கள். இன்னொரு பக்கம் மூன்று வருடச் சுற்றுச்சூழல் தின விழாக்களின் தோரணங்கள், பச்சைப் பிளாஸ்டிக் இலைகள், ஆயிரக்கணக்கில். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

"இதுல ஆளுங்க வந்து குடியிருக்கணும்டி," என்றாள் தில்லை.

"அவங்க வர்றப்பதானே? இப்ப இல்லையே." ஜெசிந்தா வாரை வாங்கி வீசினாள். அது குவியலில் பட்டு உருண்டு தில்லையின் காலடியிலேயே வந்து விழுந்தது. தில்லை குனிந்து அதை எடுத்துக்கொண்டாள்.

"பைத்தியம். திருந்தவே மாட்ட," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா வகுப்புக்குப் போய்விட்டாள்.

தில்லை நேராக விடுதிக் காப்பாளர் கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள். நிலைபேண் அறத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அவள் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"சரிம்மா. அந்த நாலாவது மாடத்துல எத்தனை பேர் தங்கியிருக்காங்க?"

"யாருமே இல்ல சார்."

"மீதம்னா என்ன? ஆள் ஒருத்தர், அவர் போட்ட மிச்சம். ஆளே இல்லாத எடத்துல மீதம் எப்படி இருக்கும்? விதிப்படி பார்த்தா அந்த மாடத்துல குப்பையே கெடையாது."

"நான் கண்ணால பார்த்தேன் சார். உங்க சோபாகூடக் கெடக்கு."

கோமதிநாயகம் கண்ணைத் திறந்தார். "நல்லாப் படிக்கிற பொண்ணு நீ. அந்த வாரை அங்க போட்டிருந்தா நாளைக்குப் பட்டம். இந்தப் பிடிவாதத்தால யாருக்கு லாபம், சொல்லு? உங்கப்பாவ நெனைச்சுப் பாரு."

அவள் அப்பாவை நினைத்துப் பார்த்தாள். அறைக்குப் போய் வாரைத் தன் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடினாள். அவள் செய்தது வீரமா முட்டாள்தனமா என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் முட்டாள்தனம் என்றுதான் சொல்வேன், நானும் உங்களைப் போல ஆள்தானே.

மறுநாள் நிறையாய்வு. பூமியிலிருந்து வந்த ஐவர் குழு மேடையில் உட்கார்ந்திருந்தது. தலைவர் அபிராமவல்லி, இரு கிரகங்களிலும் மதிக்கப்படும் அம்மையார். பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தட்டில் ஏறின. நூற்றெழுபது கிராம், கைதட்டல். இருநூற்றுப் பத்து கிராம், கைதட்டல். தில்லையின் பெட்டி ஏறியது. பன்னிரண்டு கிலோ நாற்பது கிராம். மூன்று மாடமும் சிரித்தது.

"அம்மா, அவங்க மீதம் எல்லாம் நாலாவது மாடத்துல இருக்கு. வந்து பாருங்க," என்றாள் தில்லை. கடைசி வரிசைக்கும் கேட்டது.

குழு எழுந்து போய்ப் பார்த்தது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றது. அபிராமவல்லி அம்மையார் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "கதவைச் சாத்துங்க," என்றார். பிறகு ஐவரும் ஓர் அறைக்குள் போய் இரண்டு மணி நேரம் பேசினார்கள். வெளியே வந்ததும் தீர்ப்பை வாசித்தார்கள்.

மூன்று மாடத்து மாணவர்களின் சாதனையைப் பெட்டிகளே நிரூபிக்கின்றன. ஆகவே அனைவருக்கும் பட்டம், இல்லத்துக்குச் சிறந்த சமூகம் என்ற விருது. நான்காம் மாடத்தில் காணப்படும் பொருள்கள் யாருடையவை என்பதற்குச் சான்று இல்லை. தில்லைநாயகி வரம்பை நாற்பது கிராம் தாண்டியிருக்கிறார். விதிப்படி அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். எனினும் இரக்கத்தின் பேரில் ஒரு வருடம் அவகாசம். அதுவரை அவர் நான்காம் மாடத்தில் தங்கிப் புது மாணவர்களுக்கு வழிகாட்டலாம், குப்பையோடு வாழ்ந்த அனுபவம் அவருக்கு இருப்பதால். வருட முடிவில் பெட்டியின் நிறையைக் குறைத்துக் காட்ட வேண்டும்.

மூடிய பெட்டியின் நிறை தானாகக் குறையாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். எப்படிக் குறைக்க வேண்டும் என்று குழு சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்பதுதான் எல்லாக் குழுக்களின் நம்பிக்கையும்.

இரண்டு மாதத்தில் கப்பல் வந்தது. புது மாணவர்கள் நாற்பது பேரும் பலகையைப் படித்துப் புல்லரித்துப்போய்க் கதவைத் திறந்தார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள், சிலர் அழுதார்கள். செங்கமலம் என்ற பெண் ஒரு பிளாஸ்டிக் இலையைப் பிடித்துக் கசக்கி, "இவங்கல்லாம் மனுஷங்களா? நாம வருவோம்னு தெரிஞ்சே பண்ணியிருக்காங்க!" என்று கத்தினாள். வழிகாட்ட உடன் வந்திருந்த தில்லைக்கு மூன்று வருடத்தில் முதல்முறையாக நெஞ்சு குளிர்ந்தது. கடைசியில் கோபப்பட ஒரு கூட்டம் வந்துவிட்டது. குப்பையை அள்ளி முதல் மாடத்து வாசலில் கொட்டிவிட்டு நியாயம் கேட்கப்போகிறார்கள், தானும் கூடப் போகலாம் என்று நினைத்தாள். பாவம், மனிதர்களைப் பற்றி அவள் படித்த ஒரே பாடம் வசைவேளைதான்.

செங்கமலம் தலைமையில் கூட்டம் கூடியது. தீர்மானம் அரை மணியில் நிறைவேறியது. நிர்வாகம் உடனே ஒப்புக்கொண்டது. எறும்பு அளவு கட்டுமான ரோபோக்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி, பத்தே நாளில் ஐந்தாம் மாடத்தைக் கட்டி முடித்தன. எல்லாவற்றுக்கும் முதலில் பலகை மாட்டப்பட்டது. நான்காம் மாடத்துப் பலகையையே கழற்றித் துடைத்து மாட்டினார்கள். புதிதாகச் செய்தால் வீண் செலவல்லவா? சிக்கனத்தில் அவர்களை மிஞ்ச முடியாது.

பிறகு நாற்பது பேரும் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, மலையை அடுத்த மாடத்துக்கு நகர்த்தினார்கள். சாயங்காலத்துக்குள் நான்காம் மாடம் பளிச்சென்று ஆகிவிட்டது. தில்லையின் கட்டிலுக்கடியில் மட்டும் ஒரு பெட்டி நிறையக் குப்பை இருந்தது.

"அக்கா, உங்க பெட்டியையும் குடுங்க. அதையும் போட்டுடலாம். நீங்களும் பட்டத்த வாங்கிட்டு நிம்மதியா ஊருக்குப் போகலாம்," என்றாள் செங்கமலம். உண்மையான அன்போடுதான் சொன்னாள்.

"அந்த மாடத்துக்கு யார் வருவாங்க தெரியுமா?" என்று தில்லை கேட்டாள்.

"யாரோ வருவாங்க. இன்னும் பொறக்கக்கூட இல்லாதவங்க."

"நான் தரமாட்டேன்."

தில்லை பெட்டியை இழுத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். செங்கமலத்தின் முகம் மாறியது. அந்தக் கிரகத்தில் கட்டிலுக்கடியில் குப்பையோடு இருந்த ஒரே ஆள், அதுவும் முந்தைய வகுப்பைச் சேர்ந்த ஆள், இதோ கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாள். மணி ஆறு அடித்தது. நாற்பது பேரும் மேற்கு ஜன்னலுக்குப் போகவில்லை. எங்கோ பொட்டாகத் தெரியும் பூமியைத் திட்டுவதைவிட, கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தி இருக்கும்போது அவளைத் திட்டுவது வசதி.

"எங்களுக்குக் குப்பைமேட்டை விட்டுவைத்தவர்களே!" என்று செங்கமலம் எடுத்துக்கொடுத்தாள்.

"சீச்சீ!"

"இன்னும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களே!"

"சீச்சீ!"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தில்லை வெறுங்காலைப் பெட்டியின் மேல் மடித்து வைத்துக்கொண்டாள். வசை அரை மணி நேரம் நடந்தது. முடிந்தபோது எல்லோருக்கும் தொண்டை வறண்டிருந்தது. ஆளுக்கொரு தண்ணீர்ப் பையைப் பிய்த்துக் குடித்தார்கள். நாற்பது வெறும் பைகள் மிஞ்சின. எங்கே போடுவது என்று யாரும் தில்லையைக் கேட்கவில்லை.