நான்கு மஞ்சள் கோடுகள்

எங்கள் காருக்குப் பெயர் கோழி. சிரிக்க வேண்டாம். பந்தயத்துக்கு வருகிற மற்ற கார்களுக்கெல்லாம் சிறுத்தை, மின்னல் என்று பெயர் வைத்திருப்பார்கள். எங்களுடையது கோழிதான்.

அப்பா அதை ஆர்.கே.பேட்டையில் ஒரு தோப்பு வீட்டுக் கொட்டகையில் கண்டுபிடித்தார். அறுபது வருடத்துக்கு முந்தைய, கூரை இல்லாத பந்தயக் கார். அதன் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். குஞ்சு பொரிக்கும் வரை காரைத் தர முடியாது என்று அந்த வீட்டு அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அப்பாவும் காத்திருந்து, அப்புறம்தான் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தார்.

அப்பாவின் பெயர் பென்னி. போன வருடம் மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. இதை நான் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும்.

நான் ஏஞ்சலின். ஆறாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பந்தயக் குழுவில் அப்பாவோடு இருந்தவர்கள் மூன்று பேர். அப்பாவின் தம்பி ஸ்டீபன் சித்தப்பா. அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த சுப்பராயன் மாமா. அப்பாவின் தங்கை ஜெபா அத்தை. தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற வேன் ஓட்டுவதுதான் அத்தையின் வேலை. பந்தயத்தில் எப்போதும் அப்பாதான் கோழியை ஓட்டுவார். அவர் இல்லாததால் இந்த வருடம் அத்தை ஓட்டுவது என்று முடிவானது. அதற்கென்று பயிற்சி எடுத்து, லைசென்சும் வாங்கிவிட்டாள்.

எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. அது வந்த கதையைக் கேளுங்கள். ஒரு தடவை, சக்கரத்தை மாமா முடுக்கியிருப்பார் என்று சித்தப்பா நினைத்தார். சித்தப்பா முடுக்கியிருப்பார் என்று மாமா நினைத்தார். கார் கிளம்பியது. சக்கரம் மட்டும் தனியாகக் கழன்று, காரை முந்திக்கொண்டு ஓடி, வேர்க்கடலைக் கொல்லையில் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்றைக்கு அப்பா சட்டம் போட்டார். ஒரு போல்ட்டை யார் முடுக்குகிறாரோ அவர் தன் நிறத்தில் அதன்மேல் பெயின்டால் ஒரு கோடு போட வேண்டும். கோடு போல்ட்டின் தலையில் தொடங்கி, கீழே இருக்கிற தகடு வரை இறங்க வேண்டும். போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். சித்தப்பாவுக்குச் சிவப்பு. மாமாவுக்கு வெள்ளை. அப்பாவுக்கு மஞ்சள். யார் போட்ட கோடோ, அவர்தான் அதைக் கழற்றலாம். வேறு யாரும் தொடக்கூடாது.

கார் பந்தயத் தடத்துக்குள் போகும் முன்பு ஒவ்வொருவரும் தன் கோடுகளைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொல்ல வேண்டும். “சிவப்பு சரி!” “வெள்ளை சரி!” கடைசியில் அப்பா, “மஞ்சள் சரி!” என்பார். அப்புறம்தான் எஞ்சின் உறுமும்.

சீட்டைப் பிடித்திருக்கிற நான்கு போல்ட்டுகளிலும் இருப்பது மஞ்சள் கோடு. பள்ளிக்கூடம் விட்டதும் நான் கோழி நிற்கிற எங்கள் கொட்டகைக்குப் போய் அந்தச் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். சும்மாதான். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தேர்வாய் கண்டிகைக்கு அந்தப் பக்கம், புது வண்டிகளை ஓட்டிச் சோதிப்பதற்கு ஒரு தொழிற்சாலை போட்ட தடம் இருக்கிறது. வருடத்தில் ஒரு சனி ஞாயிறு அதைப் பழைய கார்களின் பந்தயத்துக்குத் திறந்துவிடுவார்கள். சனிக்கிழமை பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அம்மாவுக்கு ஷிஃப்ட் இருந்ததால் எங்களுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அத்தை அப்பாவைவிடக் குள்ளம். அதனால் முதுகுக்குப் பின்னால் கனமான பஞ்சுத் திண்டு ஒன்றை வைத்து, வார் போட்டுக் கட்டிக்கொண்டாள்.

“சிவப்பு சரி!” என்றார் சித்தப்பா.

“வெள்ளை சரி!” என்றார் மாமா.

மஞ்சளுக்குக் குரல் கொடுக்க ஆள் இல்லை. மாமா வேறு பக்கம் பார்த்தார். அத்தை எஞ்சினைக் கிளப்பிவிட்டாள்.

நான் கம்பி வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முதல் சுற்று நன்றாகத்தான் போனது. இரண்டாவது சுற்றில், நீண்ட நேர்ச்சாலை முடிந்து வளைவு வருகிற இடத்தில் கோழி வேகத்தைக் குறைக்கவில்லை. நேராக மணலுக்குள் பாய்ந்து, பக்கவாட்டில் சறுக்கி, டயர் அடுக்கிய சுவருக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. புழுதி அடங்கும் வரை அத்தை தெரியவேயில்லை. “அத்தே! அத்தே!” என்று கத்தினேன்.

அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“இன்னாச்சு ஜெபா?” என்று ஓடினார் சித்தப்பா.

“தெர்ல அண்ணா. பிரேக்கு பிடிக்கிறதுக்குள்ள மண்ணுல போய்ட்டேன்.”

மதியம் முழுக்கச் சித்தப்பாவும் மாமாவும் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

“பேஜாரா கீதே! எல்லாம் நல்லாத்தான்பா கீது,” என்று தலையைச் சொறிந்தார் மாமா.

அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் காருக்குள் எட்டிப் பார்த்தேன். பிரேக் மிதியின் ரப்பர் முழுக்க மணல் தூசி படிந்திருந்தது. கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தூசி இல்லை. அப்பா மிதித்திருந்தால் ரப்பர் முழுக்கத் தூசி போயிருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நிழலில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் போனேன். பெல்ட் அறுத்ததில் அவள் கழுத்து சிவந்திருந்தது.

“அத்தே, பிரேக்கு உனக்கு எட்டலையா?”

அத்தை தண்ணீர் பாட்டிலை மூடினாள். “எட்டுதுடி. நுனிக்கால்ல எட்டுது. வேகமா மிதிச்சா திண்டு அமுங்கி நான் பின்னால போய்டறேன்.”

“அப்போ சீட்டை முன்னால தள்ளச் சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படி சொல்றது? உங்கப்பா போட்ட கோடுடி அது.” அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. “நீ தினமும் வந்து அதுல உக்காந்துக்கினு இருக்கே. எங்களுக்குக் கண்ணு தெரியாதா இன்னா? உங்க சித்தப்பா ரெண்டு தபா ஸ்பேனரை எடுத்துட்டு, திரும்ப வெச்சுட்டாரு.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முதலில் அத்தை மேல். இதைப் போய் ஒளித்து வைப்பாளா! அப்புறம் யார் மேல் என்றே தெரியவில்லை. அந்தச் சீட் அப்பா வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. அதை நகர்த்தினால் அப்பா இன்னொரு தடவை போய்விடுவது மாதிரி இருந்தது.

ஆனால் அந்தப் புழுதியை நினைத்துப் பார்த்தேன். அது அடங்குவதற்குள் நான் எப்படிக் கத்தினேன்! எனக்கு இருப்பது ஒரே ஒரு அத்தை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா எல்லாருக்கும் இட்லிப் பொட்டலம் வாங்கி வந்தார். நான் இட்லியைத் தொடவில்லை.

“சித்தப்பா, சீட்டை முன்னால தள்ளணும். அத்தைக்குப் பிரேக்கு எட்டல.”

சித்தப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள்.

“இன்னா ஜெபா, இது நெசமா?”

“நெசந்தான் அண்ணா.”

யாரும் எழுந்திருக்கவில்லை. மாமா கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்தார். “தள்ளணும்தான். ஆனா மஞ்ச கோட்டை நான் தொட மாட்டேன் கண்ணு. பென்னி போட்ட சட்டம். அவன் இல்லன்னு அதை மீறிட முடியுமா?”

“மீற வேணாம் மாமா,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். “அப்பாவோட சைக்கிள் இப்போ யாருது?”

“உன்னுதுதான்.”

“அப்பாவோட கைக்கடிகாரம்?”

“அதுவும் உன்னுதுதான். பெரியவளானதும் கட்டிக்கோன்னு உங்கம்மா எடுத்து வெச்சிருக்கு.”

“அப்போ மஞ்சளும் என்னுதுதானே? நான் கழட்டினா சட்டத்தை மீறினதா ஆகாதுல்ல?”

மாமா கையைத் துடைத்துக்கொண்டார். “ஸ்டீபா, அந்த ஸ்பேனரை எடு,” என்றார்.

ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டி இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். ஊஹும்!

“உங்கப்பா முடுக்கினா அவ்ளோ லேசுல உடாது,” என்றார் சித்தப்பா. ஒரு நீளமான இரும்புக் குழாயை ஸ்பேனரின் வாலில் செருகிக் கொடுத்தார். “இப்போ தள்ளு. நான் பிடிச்சுக்கறேன். தள்றது நீதான்.”

கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் மற்ற மூன்றையும் கழற்றினேன். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சீட்டைத் தூக்கியதும் கீழே என்ன இருந்தது தெரியுமா? ஒரு பழுப்பு நிறக் கோழி இறகு.

“அடப்பாவி! அது இன்னும் ஊட்டைக் காலி பண்ணலையா?” என்றார் மாமா.

எல்லாரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த சித்தப்பா திடீரென்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அத்தை அவர் தோளில் கை வைத்தபடி நின்றாள். நான் அந்த இறகை எடுத்து என் பையில் பத்திரமாக வைத்தேன்.

சீட்டை இரண்டு துளை முன்னால் நகர்த்தினோம். அத்தை திண்டு இல்லாமல் உட்கார்ந்து மிதித்தாள். பாதம் முழுக்க பிரேக்கில் படிந்தது. “ஐயோ, இவ்ளோ சுலபமா!” என்றாள்.

போல்ட்டுகளை நானே முடுக்கினேன். கடைசியாகச் சித்தப்பா குழாயைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, போதும் என்றார்.

இனி கோடு போட வேண்டும். அப்பாவின் மஞ்சள் பெயின்ட் பேனாவைத் திறந்தேன். காய்ந்து கட்டியாகியிருந்தது. குலுக்கினேன், தரையில் தேய்த்தேன். ஒரு துளிகூட வரவில்லை. என் பையில் மாதா கோயில் திருவிழாவில் வாங்கிய நகப்பூச்சு இருந்தது. கத்திரிப்பூ நிறம்.

“நெயில் பாலிஷா?” என்று கண்ணை உருட்டினார் மாமா.

“காய்ஞ்சா கல்லு மாதிரி ஒட்டிக்கும் மாமா. போன வாரம் போட்டது இன்னும் போகல, பாருங்க.” என் விரல்களை நீட்டிக் காட்டினேன். மாமா ஒரு நகத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நான்கு போல்ட்டுகளிலும் கோடு போட்டேன். அப்பாவின் பாதி மஞ்சள் கோடு போல்ட்டின் தலையில் அப்படியே இருந்தது. அதை அழிக்காமல், பக்கத்தில் என்னுடையதைப் போட்டேன். அப்புறம் காரைச் சுற்றி வந்து, எஞ்சினிலும் கதவிலும் இருக்கிற மற்ற மஞ்சள் கோடுகள் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றுகூடப் பிரியவில்லை.

மதியம் மைக்கில் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“சிவப்பு சரி!” என்றார் சித்தப்பா.

“வெள்ளை சரி!” என்றார் மாமா.

அத்தை சாவியில் கை வைக்காமல் காத்திருந்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து கோடுகளை இன்னொரு தடவை பார்த்தேன்.

“மஞ்சள் சரி!” என்று கத்தினேன். “கத்திரிப்பூவும் சரி!”

கோழி உறுமிக்கொண்டு கிளம்பியது.

அந்த வளைவு வந்தபோது கம்பி வேலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கோழி மூக்கைத் தாழ்த்தி, வேகம் குறைந்து, அழகாகத் திரும்பிப் போனது. ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான் திரும்பியது. மணல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சிறுத்தை முதலில் வந்தது. நாங்கள் ஒன்பதாவது. பரவாயில்லை, மின்னல் எங்களுக்குப் பின்னால்தான் வந்தது.

சாயந்திரம் கோழியை மினி லாரியில் ஏற்றிக் கட்டினோம். அத்தை ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தாள்.

“ஏய் கத்திரிப்பூ! இனிமே அந்த சீட்டை யாராச்சும் நகர்த்தணும்னா உன்னைத்தான் கேக்கணுமா?”

“ஆமா.”

“எப்போ நகர்த்துவே?”

ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு அத்தையை அண்ணாந்து பார்த்தேன். “நான் உன்னைவிட உயரமா வளர்ந்ததும்.”

மாமா லாரியின் பின்கதவை அடித்துச் சாத்தினார். “அதுக்கு முதல்ல சாப்பிடணும் கண்ணு,” என்று காலையில் நான் தொடாத இட்லிப் பொட்டலத்தை நீட்டினார். இட்லி கல் மாதிரி ஆகியிருந்தது. நான் ஒன்றுவிடாமல் சாப்பிட்டேன்.