ஆலா திட்டிய திசை

மனித வரலாற்றில் சில பயணங்கள் உலக வரைபடத்தையே மாற்றி எழுதியிருக்கின்றன. அந்த வரிசையில் நெடுமணல் தீவுப் பயணம் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படும்!

தென்கடல் இயற்கை வீரர் கழகத்தின் தலைவர் அறவாழி, சிலுவைத்துறைக் கடற்கரையில் நின்று ஆற்றிய உரையின் முதல் வரி இது. கேட்டவர்கள் இரண்டு பேர். ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டிய படகு ஏழேகாலுக்குத்தான் கிளம்பியது. அந்த உரையில் இன்னும் நாற்பத்தோரு வரிகள் இருந்தன.

“ஏட்டி, இவரு பேசி முடிக்கதுக்குள்ள சோழகக் காத்து பிடிச்சிரும். அப்புறம் திரும்பி வந்த மாதிரிதான்” என்று முணுமுணுத்தான் படகோட்டி கஸ்பார்.

அவன் தங்கை பிலோமினா பல்லைக் கடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவளுக்கு இன்று ஒரே ஒரு பகல்தான் மிச்சம். நெடுமணல் தீவில் நீர்விளையாட்டுப் பூங்கா கட்ட ஒரு கம்பெனி தயாராக நின்றது. நாளைக் காலை மண் தள்ளும் இயந்திரம் போய் இறங்கும். ‘அங்கே ஆலாக் கடற்பறவைகள் கூடு வைக்கின்றன, போன வருஷம் என் கண்ணால் பார்த்தேன்’ என்று ஆட்சேப மனு கொடுத்தவள் பிலோமினா மட்டும்தான். “கண்ணால் பார்த்தது போதாதும்மா. முட்டையோட படம், இடக் குறியீடு, ரெண்டும் வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள” என்று வனத்துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இன்றுதான்.

தனியாளுக்குத் தீவில் இறங்க அனுமதி கிடையாது. பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். அந்தப் பக்கத்தில் அப்படி இருந்தது அறவாழியின் கழகம் ஒன்றுதான். அதன் பதினாறு உறுப்பினர்களில் பதினோரு பேர் அவருடைய டைல்ஸ் கடையில் வேலை பார்ப்பவர்கள். மற்ற ஐந்து பேர் அவருடைய சம்பந்தி வீட்டார்.

படகு சீறிப் பாய்ந்தது! சித்திரை கடைசி. கடல் கண்ணாடி போலக் கிடந்தது. படகின் மூக்கில் ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றார் அறவாழி. பச்சைச் சீருடை, முழங்கால் வரை பூட்ஸ், நெட்டைத் தொப்பி. தொப்பியின் உச்சியில் ஒரு முழக் கம்பியில் கழகத்தின் கொடி படபடத்தது.

“ஓங்கில்! அண்ணே, ஓங்கில்!” பிலோமினா துள்ளி எழுந்தாள்.

வலப்பக்கம் டால்பின்கள் மூன்று வெள்ளிபோல் மின்னி எகிறின! ஒன்று படகுக்கு அடியில் நுழைந்து இடப்பக்கம் வந்து ‘புஸ்’ என்று மூச்சு விட்டது. அறவாழியின் சீருடை நனைந்தது.

“யாரப்பா தண்ணீர் தெளிப்பது?” என்றார் அவர், திரும்பாமலே. தம்மைப் படம் எடுக்கச் செல்போனை நீட்டிப் பிடித்திருந்தார். பிறகு குறிப்பேட்டில் எழுதினார்: ‘7.50. உயிரினம் எதுவும் தென்படவில்லை.’

எட்டரைக்குத் தீவில் குதித்தார்கள். ஆஹா! மணல் மேடெல்லாம் அடும்புக் கொடி ஊதாப் பூவைக் கொட்டி வைத்திருந்தது. ஓரத்தில் தாழம்பூ வாசனை மூக்கைத் துளைத்தது. நெருஞ்சிப் பூக்கள் சின்ன மஞ்சள் பொட்டுகளாய் வெயிலைப் பார்த்துச் சிரித்தன. பிலோமினா ஒரு நொடி எல்லாவற்றையும் மறந்து நின்றாள்.

“நகராதீர்கள்!” அறவாழி கத்தினார். “முள்ளம்பன்றி! தாக்க வருகிறது!”

முள் முள்ளாய் ஒரு பந்து காற்றில் உருண்டு அவரை நோக்கி வந்தது. அவர் பின்வாங்கினார். அதுவும் விடவில்லை. அவர் ஓடினார். அதுவும் ஓடியது!

“ஐயா, அது ராவணன் மீசை. புல்லு. காஞ்ச கதிரு உருளுது” என்றான் கஸ்பார்.

“தெரியும். உங்களுக்குத் தெரியுமா என்று சோதித்தேன்.”

பிலோமினா கிழக்கு முனைக்கு ஓடினாள். போன வருஷம் கூடுகள் இருந்த இடம். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முனையையே காணோம்! மழைக்காலத்துக் கடல் அதை வழித்துத் தின்றிருந்தது. கூடு இருந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

“அண்ணே...” அவள் குரல் உடைந்தது. “போச்சு. எல்லாம் போச்சு.”

“அழுது என்னட்டி பண்ண? பறவை மேல பறக்குதுல்ல? அப்ப எங்கனயோ முட்டை கெடக்கு. தேடு!”

தேடினார்கள். ஒன்பது, பத்து, பதினொன்று. ஆலா கூடு கட்டும் பறவை அல்ல. வெறும் மணலில் ஒரு குழி பறித்து, மணல் நிறத்திலேயே புள்ளி வைத்த முட்டையை இட்டுவிட்டுப் போகும். இரண்டு மைல் நீளத் தீவில் அதைத் தேடுவது எப்படி? மிதித்தால்தான் தெரியும், அப்போது தெரிந்து என்ன பிரயோசனம்? கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. பன்னிரண்டரைக்குள் கிளம்பாவிட்டால் காற்று வழி மறித்துவிடும்.

அப்போதுதான் மேற்கே ஒரு அலறல்!

தம் கழகக் கொடியை நடத் தோதான மேட்டைத் தேடிப் போன அறவாழி, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நின்றார். தலைக்கு மேல் பத்து ஆலாக்கள். ‘கிர்ரிக், கிர்ரிக்!’ என்று கத்தியபடி ஒன்று மாற்றி ஒன்று செங்குத்தாகப் பாய்ந்து, தொப்பிக் கொடியைக் கொத்தின.

“காப்பாற்றுங்கள்!”

கஸ்பார் விழுந்து விழுந்து சிரித்தான். “நம்ம ஆளுக சொல்லுவாவல்லா? ஆலா யாரு ஒசரமோ அவனத்தான் அடிக்கும். கூடு பக்கத்துல போகப் போக வசவு கூடும். அப்பாகூட அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் சுத்தி நடப்பாரு.”

பிலோமினாவின் கண்கள் விரிந்தன. சுற்றி நடக்க உதவும் சத்தம், தேடிப் போகவும் உதவாதா?

“அண்ணே! தொப்பியோட அவரு எவ்வளவு ஒசரம்?”

“எட்டடி வரும்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநொடி அவள் ஓடினாள்.

“தலைவரே! தொப்பிய கழட்டிராதீங்க! பயணத்த நீங்கதான் முன்னால நின்னு நடத்தணும்!”

அறவாழி கைகளை இறக்கினார். மார்பு தானாக நிமிர்ந்தது. “அப்படியா சொல்கிறாய் மகளே?”

“அப்படித்தான்! மெள்ள நடங்க. அடி வைக்கும் முன்னால மணலப் பாருங்க.”

நடந்தார். கொத்து குறைந்தது. “இடது பக்கம்!” என்றாள். பத்து ஆலா இருபதாயிற்று! “இன்னும் இடது!” முப்பது! ஒன்று தொப்பியின் மேல் சரியாகக் குறிபார்த்து எச்சமிட்டது. இன்னொன்று சீருடைத் தோளில் பதக்கம் போல வைத்தது.

“இவை என்னை வரவேற்கின்றன!” அறவாழி உணர்ச்சிவசப்பட்டார்.

“ஆமா ஆமா, நல்லாவே வரவேக்குதுக. வலது பக்கம் வாங்கய்யா!” என்றான் கஸ்பார்.

மேடு ஏறியதும் வானமே இடிந்து விழுந்தது போலிருந்தது. நூறு ஆலாவுக்கு மேல்! காது கிழிந்தது!

“நில்லுங்க! காலக் கீழ வைக்காதீங்க!”

அறவாழியின் வலது பூட்ஸ் அந்தரத்தில் நின்றது. அதற்கு நேர் கீழே, ஒரு சிப்பி ஓட்டுக்குப் பக்கத்தில், மணலோடு மணலாய் இரண்டு முட்டைகள்! ஒரு முழம் தள்ளி இன்னும் மூன்று! கண் பழகப் பழக மேடெங்கும் முட்டை!

“அஞ்சு நிமிசந்தான். தாய் எழும்பிட்டா வெயில்ல முட்டை வெந்திரும்” என்றாள் பிலோமினா. படம் எடுத்தாள், குறியீட்டைப் பதிந்தாள், எண்ணினாள். இருபது... முப்பது... நாற்பத்தொரு கூடுகள்!

“மகளே, கால் வலிக்கிறது.”

“வரலாறு பாத்துக்கிட்டிருக்கு தலைவரே!”

அவர் ஒற்றைக் காலிலேயே நின்றார். உதடு நடுங்கியது, தொடை நடுங்கியது, கொடி கந்தலாயிற்று. ஆனால் காலைக் கீழே வைக்கவில்லை. கஸ்பார் அவரைப் பின்னாலிருந்து தாங்கிக்கொள்ள, வந்த காலடித் தடத்திலேயே பின்பக்கமாக இறங்கினார்கள். மேடு அடங்கியது. ஆலாக்கள் ஒவ்வொன்றாய் இறங்கி முட்டைமேல் உட்கார்ந்தன.

படகில் ஏறும்போது மணி ஒன்றே கால்! சோழகக் காற்று பிடித்துவிட்டது! அலை படகைத் தூக்கித் தூக்கி அறைந்தது. கேமராவைத் தூக்குவாளிக்குள் போட்டு மூடி, வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொண்டாள் பிலோமினா. அறவாழி தமது தொப்பியால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். உரை எதுவும் ஆற்றவில்லை.

“புடிச்சிக்கிடுங்க! வருது பெரிசு!” கஸ்பார் அலையைக் குறுக்கே வெட்டினான். நாலே காலுக்குக் கரை. நாலு ஐம்பதுக்கு அலுவலகப் படி. கதவைப் பூட்டச் சாவியை எடுத்துவிட்டவரின் மேஜையில் நனைந்த மூன்று பேரும் போய் மோதினார்கள். முத்திரை விழுந்தது!

இயந்திரம் தீவுக்குப் போகவில்லை. அடுத்த வாரமே பூங்காத் திட்டம் நிறுத்தப்பட்டது. சிலுவைத்துறையில் வெடி வெடித்தார்கள். மாலையோடு வந்த அறவாழி ஒலிபெருக்கியைப் பிடித்து, “பறவைகள் என்னை அடையாளம் கண்டுகொண்டன” என்று ஆரம்பித்தார். கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிலோமினா மட்டும் சிரிக்காமல் கைதட்டினாள். அறிவு யாருக்கும் இருக்கலாம். ஐந்து நிமிஷம் அடியும் வசவும் வாங்கிக்கொண்டு காலைத் தூக்கியபடி நிற்க ஓர் ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை என்று அன்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

வைகாசி முடிவதற்குள் தீவின் கரையில் அதிகாரப்பூர்வ எச்சரிக்கைப் பலகையும் ஊன்றப்பட்டது. இரண்டாள் உயரம், பச்சை வண்ணம், வெள்ளை எழுத்து:

‘ஆலமரங்கள் குஞ்சு பொரிக்கும் இடம். உள்ளே வரக் கூடாது.’

தீவில் ஆலமரம் கிடையாது.