தட்டில் முளைத்த கட்டைவிரல்

"ஐயோ! அஞ்சாம் கட்டிலும் போயிடுச்சே!"

அஞ்சலையின் அலறல் காஜா பெராங் சாலை வரைக்கும் கேட்டது.

ஆகஸ்ட் 1957. சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இன்னும் பத்தே நாள். ஊரே கொடி கட்டிக்கொண்டிருக்க, டாக்டர் தம்பிராஜாவின் நர்சிங் ஹோமில் மூன்று வாரத்தில் மூன்றாவது பிணம்!

லேபிலிருந்து ஓடி வந்தாள் கோகிலா. நோயாளிகளின் இரத்தத்தையும் மலத்தையும் கண்ணாடித் தட்டில் வளர்த்துக் கிருமி தேடுவது அவள் வேலை. வாய் கொஞ்சம் நீளம்.

டாக்டர் அதற்குள் போலீசுக்கே போன் போட்டுவிட்டார்!

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் தேவதாஸ் வந்து நின்றார்.

"இவதான் சார்!" டாக்டரின் விரல் அஞ்சலையைக் காட்டியது. "சீரியஸ் வார்டு ஆயா. செத்த மூணு பேருக்கும் பார்லி தண்ணி ஊட்டினது இவதான். விஷம் வச்சிருக்கா! கையைப் பாருங்க, சொறி பிடிச்ச மாதிரி!"

"நானா? முருகா! நான் எதுக்குய்யா விஷம் வைக்கப் போறேன்? இது சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு உரிஞ்ச கைய்யா..."

விலங்கு வெளியே வந்தது.

"ஒரு நிமிஷம் சார்!" கோகிலா குறுக்கே வந்தாள். "விஷம் இல்ல. மூணு பேர் இரத்தத்துலயும் ஒரே கிருமி. குடல்ல சும்மா கிடக்கிற கிருமி. நல்லா இருக்கிறவங்கள ஒண்ணும் பண்ணாது. சீரியஸா கிடக்கிறவங்க இரத்தத்துல ஏறிச்சு... ஆள் காலி!"

"வயித்துல கிடக்கிறது அடுத்த ஆள் இரத்தத்துக்கு எப்படிம்மா போகும்?" என்றார் தேவதாஸ்.

"யாரோ ஒருத்தர் கை கட்டில் கட்டிலா சுமந்துட்டுப் போகுது."

"இவ கைதான்!" டாக்டர் துள்ளினார்.

"அப்ப எல்லார் கையையும் சோதிச்சிடலாம். உங்க கையும்தான் டாக்டர்."

"என் கையா?" டாக்டர் சிரித்தார். "தெங்கேராவிலேருந்து புக்கிட் பாரு வரைக்கும் கேட்டுப் பாரு. ராசியான கை! ஒரு தடவை தொட்டுட்டுப் போங்கன்னு அழறாங்க. இதைப் போய் ஆயா கையோட சேர்த்து... சீ!"

உண்மைதான். கைராசி டாக்டர்! மருந்துகூட வேண்டாம், அவர் கை பட்டால் போதும் என்று குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். அவரும் ஒரு கட்டில் விடாமல் புண்ணைத் தொட்டு, வயிற்றை அமுக்கி, நெற்றியைத் தடவிவிட்டுப் போவார். நடுவில் கை கழுவுவது? மூச்! கழுவினால் ராசி போய்விடுமாம். லண்டனில் போய் இவர் படித்துக் கிழித்தது இதுதான்.

தேவதாஸ் மீசையைத் தடவினார். "நாளைக் காலை பத்து மணி வரைக்கும் டைம். அதுவரைக்கும் ஆயா இங்கேயே இருக்கட்டும், கான்ஸ்டபிள் காவல். அப்புறம் லாக்கப்தான்."

அஞ்சலை கோகிலாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்குல போட்டுருவாங்களா கோகிலா?"

"போடுவாங்க, போடுவாங்க! நான் செத்தா போயிட்டேன்? விரலை இந்தத் தட்டுல வை அக்கா."

சொல்லியாகிவிட்டது. டாக்டர் விரலுக்கு எங்கே போவது?

அவருக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். மாம்பழமோ, நோயாளி வயிறோ... வித்தியாசம் கிடையாது!

மாலையில் ரவுண்ட்ஸ் முடித்து வந்தவர் டீ மேசையில் ஒரு கண்ணாடித் தட்டைப் பார்த்தார். சிவப்பாக, பளபளவென்று உறைந்து...

"அட, அகார்-அகார் ஜெல்லியா? கெட்டியாச்சா?"

எப்போதோ டுரியான் பழம் பிளந்தபோது கத்தி பாய்ந்த தழும்போடு கட்டைவிரல் இறங்கியது. அமுக்கிவிட்டார்!

"தின்கிறதுக்கு இல்ல டாக்டர். கிருமிக்குச் சாப்பாடு." கோகிலா தட்டை வெடுக்கென்று இழுத்து மூடினாள்.

"கருமம்! இதைப் போய் இங்க வைப்பியா?" அதே விரலால் பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார் டாக்டர்.

தட்டு கிருமி வளர்க்கும் கதகதப்புப் பெட்டிக்குள் போனது. பூட்டு. சாவி கோகிலாவின் இடுப்பில்.

மறுநாள் காலை பத்து மணி.

தேவதாஸ் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். "டாக்டர், வெள்ளைக்காரன் கிளம்பறான். ஏ.எஸ்.பி. வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். உங்க ராசிக் கையால ஏதாவது..."

"ஆ காட்டுங்க!" டாக்டர் ஒரு முழு லட்டை அவர் வாயில் திணித்தார்.

கோகிலா மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது செத்தவங்க இரத்தத்துல வளர்ந்தது. கம்பியால தொட்டா பாருங்க, நூல் மாதிரி இழுபடுது. அதுதான் இதுக்கு அடையாளம். இது அஞ்சலையக்கா விரல்."

வெறும் தட்டு. ஒரு புள்ளி இல்லை!

"இது...?"

மூன்றாவது தட்டில் ரோஜா நிறத்தில் ஒரு முழுக் கட்டைவிரல் முளைத்திருந்தது! குறுக்கே ஒரு கோடு மட்டும் காலி. கம்பி தொட்டது. நூல் நீண்டது...

டாக்டர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். தேவதாஸ் பிடித்து இழுத்து விரித்தார். குறுக்கே தழும்பு!

"எ... எனக்குத் தெரியாது! தெரிஞ்சிருந்தா கழுவியிருக்க மாட்டேனா?"

"தெரியாதா?" கோகிலா ஒரு நோட்டை விரித்தாள். "ரெண்டாவது ஆள் செத்த அன்னிக்கே ரிப்போர்ட் குடுத்தேன். 'ஒரே கிருமி, எல்லாரும் கை கழுவணும்'னு எழுதி. வாங்கினதுக்கு இதோ உங்க கையெழுத்து! அதைக் கிழிச்சுப் போட்டுட்டு, மூணாவது ஆளையும் கொன்னு, பழியை ஆயா தலையில கட்டினீங்க. உங்க பேருக்காக ஒரு பொம்பளையத் தூக்குல தொங்க விடப் பார்த்தீங்களே... நீங்கள்லாம் மனுஷனா?"



விலங்கு மறுபடி வெளியே வந்தது. இந்த முறை ராசியான கைகளுக்கு!

பூட்டி முடித்த பிறகுதான் தேவதாஸுக்கு உறைத்தது. முகம் வெளிறியது.

"கோகிலா... அந்த லட்டு...?"

"நல்லா இருக்கிறவங்கள ஒண்ணும் பண்ணாது சார். நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

இன்ஸ்பெக்டர் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். பின்னாலேயே போன அஞ்சலை தன் சவுக்காரக் கட்டியை நீட்டினாள்.

"நல்லா தேய்ச்சுக் கழுவுங்கய்யா... ஏ.எஸ்.பி. ராசி போனாப் போகுது!"