ஒரு வாய்ப் பால்

காலை 7.40. படுத்த படுக்கையாகக் கிடந்த பெரியவர், பால் குடித்த கையோடு போய்ச் சேர்ந்தார். டம்ளரின் அடியில் விஷம்.

யாரையும் நம்பாத மனுஷர். மகன் ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் எதையும் தொடுவார். இன்றும் மகன் குடித்துக் காட்டினான். நேற்று ஊரிலிருந்து வந்த மகள் டம்ளரை வாங்கி அப்பாவுக்குப் புகட்டினாள். கட்டிலுக்கு எதிரே இருந்த கேமராவில் அத்தனையும் பதிவு. அப்புறம் யாரைப் பிடிப்பார்கள்? மகள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வருவாள் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை.

"பால் யார் காய்ச்சினது?" இன்ஸ்பெக்டர் அம்மாள் கேட்டார்.

"நான்தான் மேடம். முதல்ல குடிச்சதும் நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றான் மகன்.

நாக்கு வறண்டு பேசினான். தண்ணீர் கொடுத்தார்கள். மேல்பல் துருத்தி, கீழ்ப்பல்லோடு சேராமல் நின்றது அவனுக்கு. ஒவ்வொரு மிடறுக்கும் உதடு இறுகி, மோவாய் சுருங்கிக் குழி விழுந்தது.

இன்ஸ்பெக்டர் பல் டாக்டருக்குப் போன் போட்டு, பார்த்ததைச் சொன்னார்.

"பல் சேராதவங்களுக்கு விழுங்கறப்போ கன்னத்துத் தசை சரியா வேலை செய்யாது. உதடும் மோவாக்கட்டையும்தான் இழுத்துப் பிடிக்கணும்."

"நினைச்சா அடக்க முடியுமா?"

"இவ்வளவு கோணலா இருந்தா கஷ்டம்தான். சின்ன வயசுலேருந்து வந்த பழக்கமாச்சே."

பதிவைத் திரும்ப ஓட்டினார். மகன் வாயில் பால் போகிறது. கன்னம் உப்புகிறது. மோவாய் அசையவே இல்லை. துண்டால் வாயைத் துடைத்தபடி வெளியே போகிறான்.

"நீ விழுங்கல. துண்டுல துப்பிட்டே. உன் தங்கச்சி கைக்குப் போறதுக்கு முன்னாடியே பால்ல விஷம் இருந்திருக்கு."

அவன் மறுக்கவில்லை. "வருஷக்கணக்கா ஒத்தை ஆளா பாத்தேன் மேடம். இவ எப்பவாவது வந்து எட்டிப் பாப்பா. என்னால முடியல."

மகளை விடுவித்தார்கள். பதிவைக் காட்டியபோது, "இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

போட்டார்கள்.

"அண்ணனைப் பாக்காதீங்க, அப்பாவைப் பாருங்க மேடம். சாப்பிட உக்காந்தாலே அவன் மோவாக்கட்டையைத்தான் பாப்பாரு. 'ஒழுங்கா முழுங்குடா'ன்னு திட்டாத நாள் கிடையாது."

திரையில் பெரியவரின் கண் மகனின் மோவாய் மேலேயே இருந்தது. அவன் துண்டால் துடைக்கும்வரை பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.