அங்கே கேட்கட்டும்

அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதைப் பள்ளியின் வருகைப் பதிவேடு தவிர யாரும் பயன்படுத்துவதில்லை. எல்லோருக்கும் அவள் ‘பராக்கு’தான். கணக்குப் போட உட்கார்ந்தால் பராக்குப் பார்ப்பாள். சாப்பிட உட்கார்ந்தாலும் பராக்குத்தான். ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டு, இன்னொரு கால் இருப்பதையே மறந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ரயில் பயணம் என்றால் கேட்கவா வேண்டும்? காலையிலிருந்து ஜன்னலை விட்டு நகரவில்லை. மின்கம்பிகள் மெல்ல மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் அவளுக்குத் தாலாட்டு மாதிரி இருந்தன.

“அம்மா, நாம இல்லாதப்போ நம்ம வீடு என்ன பண்ணிட்டு இருக்கும்?”

“நிம்மதியா தூங்கும். நீதான் அங்க இல்லையே” என்றாள் அம்மா.

எதிர் இருக்கையில் இருந்த தொப்பிக்காரர் கண்களை மூடியபடியே சிரித்தார்.

திடீரென்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயையோ! மழை!”

தொப்பிக்காரர் பதறி எழுந்து ஜன்னல் கதவை இறக்கப் போனார். வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

“வெளியில இல்லைங்க. வீட்டுக் கம்ப்யூட்டர்ல” என்றாள் அம்மா.

அவர் அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவர் மேல் தப்பில்லை. அம்மாவின் வேலை அப்படிப்பட்டது. வானொலி நாடகங்களுக்குச் சத்தம் சேர்ப்பவள் அவள். நாடகத்தில் யாராவது சேற்றில் நடந்தால், அம்மா ஈரத் துணியைப் பிசைந்து ஒலிப்பதிவு செய்வாள். இன்று விடிகாலையில் நல்ல மழை. அதை ஜன்னலோரம் மைக் வைத்துப் பதிவு செய்தவள், ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் வானொலி நிலையத்துக்கு அனுப்ப மறந்துவிட்டாள்.

“இப்போ என்னம்மா பண்றது?”

“நல்லவேளை, கம்ப்யூட்டரை அணைக்காம வந்தேன். இங்கிருந்தே எடுத்துடலாம்.”

அம்மா மடிக்கணினியைத் திறந்து, கடவுச்சொல்லைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக் கணினியின் திரை அப்படியே இங்கே வந்து நின்றது. அம்மா இங்கே விரலை நகர்த்தினாள். அங்கே, பூட்டிய வீட்டில், யாருமே இல்லாத அறையில், திரையின் அம்பு தானாக நகர்ந்தது. மழை இருந்த கோப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

“அம்மா, மூடிடாதீங்க! அங்க கேமரா இருக்கே. வீடு தூங்குதான்னு ஒரு தடவை பார்க்கலாமா?”

அம்மா சிரித்துக்கொண்டே மடிக்கணினியை அவள் மடியில் வைத்தாள்.

திரையில் அவர்களுடைய அறை மெல்லத் தெளிந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே நாற்காலி, அதே பீரோ, அவள் அவிழ்த்துப் போட்ட அதே காலுறை. ஆனால் எல்லாமே யாரோ சொன்ன கனவு மாதிரி இருந்தன. தரையில் சதுரமாக வெயில் படுத்திருந்தது. அதன் மேல் ஜன்னல் கம்பிகளின் நிழல். பக்கத்தில் திரைச்சீலையின் நிழல், வீடு மூச்சு விடுவதுபோல் உள்ளே வந்து வெளியே போனது.

“அம்மா, திரைச்சீலை ஏன் ஆடுது?”

அம்மாவின் சிரிப்பு நின்றது. “மழையைப் பிடிக்கிறேன்னு ஜன்னலைத் திறந்தேன். மூடவே இல்லை போலிருக்கே!”

அப்போது பீரோவுக்கு மேலே ஏதோ படபடத்தது. கூரையை ஒட்டி, வெளிச்சம் வரப் பதித்திருந்த சின்னக் கண்ணாடியில் போய் ‘டப்’பென்று மோதியது. பீரோவின் மேல் விழுந்தது. மறுபடி பறந்தது. மறுபடி மோதியது.

ஒரு குருவி!

“மழைக்கு ஒதுங்க உள்ள வந்திருக்கு” என்றாள் அம்மா. “ஜன்னல் கீழே திறந்துதான் இருக்கு. ஆனா பயந்த குருவிக்கு மேலே போகத்தானே தெரியும்? அந்தக் கண்ணாடியை வானம்னு நினைச்சுக்கிட்டு இருக்கு.”

“யாருக்காவது போன் பண்ணுங்கம்மா!”

“சாவி என் பையில இருக்கு கண்ணு. நாம திரும்ப இன்னும் ஐந்து நாள் ஆகும்.”

ஐந்து நாள். தண்ணீர் இல்லாமல், தீனி இல்லாமல், கண்ணாடியில் மோதி மோதி...

தொப்பிக்காரர் எட்டிப் பார்த்தார். அடிக்கடி இந்த வழியில் போகிறவர் போலிருக்கிறது. “எதுவானாலும் சீக்கிரம் பண்ணுங்க பாப்பா. இன்னும் பத்து நிமிஷத்துல வண்டி மலைக்குள்ள போயிடும். அப்புறம் விடியற வரைக்கும் சிக்னல் கிடையாது.”

“இடிச் சத்தம் ஒண்ணு வச்சிருக்கேன்” என்றாள் அம்மா. “பெரிசா போட்டா அரண்டு ஓடிடும்.”

“வேணாம்மா. ஏற்கெனவே பயந்துதானே மேல போய் உட்கார்ந்திருக்கு? இன்னும் பயமுறுத்தினா எப்படிக் கீழ வரும்?”

“பின்னே என்ன பண்றது?”

“கூப்பிடணும்” என்றாள் பராக்கு.

திரையின் ஒரு பக்கத்தில், அம்மா சேர்த்து வைத்த சத்தங்கள் பெயர் எழுதி வரிசையாக இருந்தன. கதவு, பழையது. நாய், தூரத்தில். சந்தைக் கூட்டம். குருவிகள், காலை நேரம். அவள் சட்டென்று அதைத் தட்டினாள்.

கீச் கீச் கீச்சென்று ரயில் பெட்டி முழுக்கக் குருவிகள்! மேல் படுக்கையில் தூங்கியவர் புரண்டு படுத்தார். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

ஆனால் திரையில் குருவி தலையைக்கூடத் திருப்பவில்லை.

“அதுக்குக் கேட்கலையாம்மா?”

“எப்படிக் கேட்கும்? சத்தம் இங்கதானே வருது! நான் வெளியூர்ல இருந்து வேலை செய்யணுமேன்னு அப்படி அமைச்சு வச்சிருக்கேன். அதை எங்க மாத்துறது, இரு...” அம்மாவுக்குக் கை ஓடவில்லை.

பராக்கு திரையின் ஓரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரும் கண்டுகொள்ளாத ஒரு மூலையில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் படம் இருந்தது. அதைத் தொட்டாள். ‘ஒலி இந்தக் கணினியில் கேட்க வேண்டுமா, அந்தக் கணினியிலா?’ என்று கேட்டது.

“அங்கேயே கேட்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே அமுக்கினாள்.

ரயிலில் கீச்சொலி நின்றுபோனது. சக்கரங்களின் தடதட மட்டும் கேட்டது.

“போச்சா?” என்றார் தொப்பிக்காரர்.

“இல்லை மாமா. அங்க பாடுது. நமக்குத்தான் கேட்காது.”

திரையில், சத்தம் ஓடுவதைக் காட்டும் சின்னப் பச்சைக் கோடு மட்டும் குதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலை ஒட்டிய மேசையில் அம்மாவின் ஒலிபெருக்கிகள் இரண்டு உண்டு. குருவி திடுக்கிடக் கூடாதே என்று ஒலியை முதலில் ரொம்பக் குறைத்து வைத்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். எத்தனையோ ஊர் தள்ளி, தன் காதில் விழாத பாட்டை, ஒரு குருவிக்காக அவள் விரல் நுனியால் பாடிக்கொண்டிருந்தாள்.

குருவி தலையைச் சாய்த்தது.

“கேட்குது! கேட்குது!”

குருவி பீரோவின் விளிம்புக்கு வந்தது. அங்கிருந்து நாற்காலியின் முதுகுக்கு வந்தது. பிறகு சிறகை விரித்தது. அத்தோடு படம் உறைந்துபோனது.

சிறகு விரித்த குருவி நடு அறையில் அப்படியே தொங்கியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே முதல் மலை தெரிந்தது.

படம் மறுபடி அசைந்தபோது குருவியைக் காணோம்.

“பீரோ மேல இருக்கா? நாற்காலிக்கு அடியில?” என்று அம்மா மூலை மூலையாகத் தேடினாள். பராக்கு மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வெயில்ல பாருங்க!”

கேமராவுக்கு ஜன்னல் தெரியாது. ஆனால் தரையில் அதன் நிழல் தெரிந்தது. இரண்டு கம்பி நிழல்களுக்கு நடுவே புதிதாக ஒரு குட்டி நிழல் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு வாலும் இருந்தது.

“இன்னும் சத்தமா வை. பறந்துடும்” என்றாள் அம்மா.

பராக்கு மாட்டேன் என்று தலையாட்டினாள். நிழலின் அலகு உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. “இல்லைம்மா. பாட்டு வீட்டுக்குள்ள கேட்குதுல்ல? அதான் உள்ளயே தேடுது. இனிமே நாம பேசாம இருக்கணும்.”

“வேணாம், நிறுத்தாதே!”

அவள் நிறுத்திவிட்டாள். பச்சைக் கோடு படுத்துக்கொண்டது. அங்கே எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளால் இங்கிருந்தே உணர முடிந்தது. தப்புப் பண்ணிவிட்டோமோ?

குட்டி நிழல் ஒரு தத்துத் தத்தியது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. மெதுவாக முழுசாகத் திரும்பியது. இரண்டு சிறகுகள் வெயிலின் மேல் விரிந்தன. அடுத்த நொடி, கம்பிகளுக்கு நடுவே ஒன்றுமில்லை.

“போயிடுச்சா?” என்று தொப்பிக்காரர் ரகசியமாகக் கேட்டார்.

“போயிடுச்சு மாமா.”

அம்மா அவள் தலையைத் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ரயில் மலையைத் தொடும்வரை பராக்கு அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் வெயில்தான். ஆனால் அவ்வளவு அழகான காலி இடத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.